புயலில் தப்பிக் கரையேறியவரின் கடிதம்: மலாயாக் கப்பல் பயணியின் குரலில் எழுதும் முறை

நாகப்பட்டினத்தில் நீராவிக் கப்பலேறி மலாயாவுக்குப் போன தலைமுறையைப் பற்றிக் கதையோ நாடகமோ குடும்ப வரலாறோ எழுத முற்படுகிறவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அப்படி எழுதும்போது, வங்கக் கடலில் காற்றிலும் மழையிலும் அலைக்கழிந்து பினாங்கில் இறங்கிய ஒருவர் ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தை எங்கேனும் ஓரிடத்தில் சேர்க்கும் தேவை வருகிறது. பெரும்பாலான எழுத்துகளில் மிகவும் பலவீனமாக அமைவது அந்தக் கடிதமே. மலைபோல் எழும் அலைகள், கிழியும் வானம், அலறும் பயணிகள் என்று பக்கம் பக்கமாக அது நீளும். அவ்வாறு எழுதுகிற மகன் தன் தாயை மனத்தில் வைத்து எழுதவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்துப் படிக்கப் போகும் நமக்காக எழுதுகிறான். அந்தக் காலத்துக் கடிதத்தின் வேலை, வீட்டில் இருப்பவர்களைத் தூங்க வைப்பது. புயலை எவ்வளவு சொல்லலாம், எதற்குள் ஒளித்துச் சொல்லலாம், யாருக்குச் சொல்லாமல் விடலாம் என்பதைத் தீர்மானிப்பதுதான் இத்தகைய கடிதத்தை எழுதும் கலை. அதற்கான வழிமுறைகளையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஆண்டையும் கடலையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்

உங்கள் பாத்திரம் எந்த ஆண்டில், எந்த மாதத்தில், எந்தக் கப்பலில் போனார் என்பதை முடிவு செய்யாமல் கடிதத்தின் முதல் வரியைத் தொடாதீர்கள். நம் மக்களின் நினைவில் மிக ஆழமாகப் பதிந்திருக்கும் கப்பல் ‘ரஜூலா’. கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு, 1926-இல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியிடம் வந்த இக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. அந்த எண்ணிக்கையை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். ஒரு சிறு நகரமே பாயை விரித்துக்கொண்டு கடலின் மேல் படுத்திருக்கிறது. அதன் இணைக்கப்பலான ‘ரோனா’ 1943 நவம்பரில் அல்ஜீரியக் கடலில் ஜெர்மானியரின் வெடிகுண்டுக்கு இரையானது. ஆகவே 1920-களின் நடுப்பகுதிக்கு முன் நிகழும் கதையில் ரஜூலாவைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அப்போது ஓடியவை வேறு கப்பல்கள்.

நாகப்பட்டினத்தில் அன்று பெரிய கப்பல் கரையைத் தொடாது. கடலுக்குள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் பயணிகளைப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றினார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தப் படகுப் பயணமே ஒரு சோதனையாக இருந்தது. அங்கிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 1,250 கடல் மைல். கடல் அமைதியாக இருந்தால் ஐந்து நாள் அளவில் போய்ச் சேரலாம். நிக்கோபார்த் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையே புகுந்து மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தபின் கடல் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே உங்கள் புயல் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே வருவது பொருத்தமாக இருக்கும். பினாங்குக்கு அருகில் வைத்துப் பெரும்புயலை வீசச் செய்தால், அந்தக் கடலை அறிந்தவர் நம்ப மாட்டார்.

கப்பலுக்குள் என்ன நடக்கும் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கடிதத்தில் அதை எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காற்று கடுமையாகும்போது மேல்தளத்தில் படுத்திருப்பவர்களைக் கீழ்த்தளத்துக்கு விரட்டி, அதன் திறப்புகளை மூடிவிடுவார்கள். காற்றோட்டம் நின்றுபோகும். புழுக்கமும் வாந்தி நாற்றமும் சேர, டிரங்குப் பெட்டிகள் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்குச் சறுக்கும். கப்பலின் முன்பாகம் அலைக்குள் புதையும்போது பின்பாகம் மேலெழுந்து, கப்பலைத் தள்ளும் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெற்றுவெளியில் வெறிகொண்டு சுழலும். அப்போது கப்பல் முழுவதும் அதிரும். கேப்டன் வேகத்தைக் குறைத்து, கப்பலின் முகத்தைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அதனால்தான் ஒரு நாளோ இரண்டு நாளோ தாமதம் ஏற்படும். நாள்முழுதும் ஒரே தாளத்தில் கேட்டுப் பழகிய நீராவி எந்திரத்தின் ஒலி மாறுவதைத்தான் டெக் பயணி முதலில் உணர்வார். அலையை அவர் பார்த்திருக்கவே மாட்டார். மூடிய அறைக்குள் இருந்தவருக்கு அலை எங்கே தெரியும்? இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டாலே, மலைபோன்ற அலைகளைப் பற்றிய வரிகளில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும்.

கையெழுத்து யாருடையது, குரல் யாருடையது?

கடிதத்தின் நடையைத் தீர்மானிப்பது இந்தக் கேள்வி. ஆள் திரட்டி அழைத்துப்போகும் கங்காணியின் மூலமாகவோ குடியேற்ற முகாமின் மூலமாகவோ தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளியாக இருந்தால், எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது அரிது. அவருடைய முதல் கடிதத்தைத் தோட்டத்து எழுத்தரான கிராணியோ, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எழுத்தறிந்த வேறு ஒருவரோ எழுதியிருப்பார். பட்டணமாக இருந்தால் அஞ்சடியில், அதாவது கடைவரிசையின் முன்னுள்ள நடைபாதையில், உட்கார்ந்து காசுக்குக் கடிதம் எழுதித் தருபவர் எழுதியிருப்பார். அப்போது வாக்கியங்கள் கிராணியின் வாக்கியங்களாகவே இருக்கும். ‘மேற்படி’, ‘ஷை’, ‘தெரியப்படுத்திக்கொள்கிறேன்’ என்று அலுவலக வாசனை வீசும். நடுவில் எங்கேனும் ஒரு வரியில் மட்டும், சொல்லச் சொல்ல அப்படியே எழுதப்பட்டதுபோல, தொழிலாளியின் சொந்தப் பேச்சு வெளிப்படலாம். அந்த ஒரு வரிக்காகவே மற்ற வரிகளை விறைப்பாக வைத்திருப்பது நல்லது. இந்திய அரசு 1938-இல் உதவித்தொகையுடன் கூடிய கூலிக் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது என்பதையும் மறவாதீர்கள். அதற்குப் பின் முதல்முறை போகிறவரைக் கங்காணி அழைத்துப்போவதாக எழுதினால் பிழையாகும்.

கடைச் சிப்பந்தியாகவோ கணக்கப்பிள்ளையாகவோ போனவர் தாமே எழுதுவார். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன செட்டிநாட்டுக்காரராக இருந்தால், புயல் அவர் கடிதத்தில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறாது. சரக்கு நனைந்ததா, கணக்கு ஒப்படைப்பு எத்தனை நாள் தள்ளிப்போயிற்று என்பவையே பெரிதாக இருக்கும். நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வணிகர் 786 என்ற எண்ணைத் தலையில் இட்டு, ஸலாமில் தொடங்கி, பெரியவர்களிடம் துஆ கேட்டு முடிப்பார். முந்தைய தலைமுறையினராயின், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழிலேயே எழுதியிருக்கவும் கூடும். கத்தோலிக்கர் சிலுவைக்குறி இட்டுச் சர்வேசுரன் கிருபையைச் சொல்வார். சீர்திருத்தச் சபையினர் கர்த்தருடைய கிருபையைச் சொல்வார்கள். இவை வெறும் அலங்காரங்கள் என்று நினைத்துக் கலந்துவிட வேண்டாம். முதல் வரியிலேயே எழுதுபவரின் வீடும் தெருவும் தெரிந்துவிடும்.

எழுதுபவரைப் போலவே படிப்பவரும் முக்கியம். அன்றைய கிராமத்தில் கடிதம் தனியாகப் படிக்கப்படவில்லை. தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொல்வார். அல்லது பள்ளிக்கூடத்துக்குப் போகும் பையனைக் கூப்பிடுவார்கள். தாயும் பாட்டியும் மனைவியும் அண்டை வீட்டாரும், ‘எங்க பையனும் அதே கப்பல்லதான் போனான்’ என்று ஓடி வந்தவர்களும் சுற்றி நின்று கேட்பார்கள். எழுதுகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகையால் அவர் தகப்பனார் பெயருக்கு எழுதினாலும், தாயின் காதுக்காகச் சொற்களைத் தேர்ந்தெடுப்பார். மனைவிக்குச் சொல்ல விரும்புவதைக் குழந்தையின் மேல் ஏற்றிச் சொல்வார். உடன்வந்த ஊர்க்காரர்கள் நலம் என்பதை அவரவர் வீட்டாருக்காகத் தவறாமல் குறிப்பிடுவார். நீங்கள் எழுதி முடித்தபின் கடிதத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். பத்துப் பேர் நடுவே சொல்லத் தயங்கும் வரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

புயலை எந்த வழியில் சொல்வது?

நேரடியாகச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: ‘காற்றும் மழையும் சற்று அதிகமாயிருந்தபடியால் கப்பல் ஒரு நாள் தாமதமாக வந்தது.’ ‘சற்று’ என்ற சொல்லை அங்கே வைப்பதுதான் மகனின் அன்பு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினால் படிப்பவருக்குப் புயல் கிடைக்காது. அதை வேறு மூன்று வாசல்கள் வழியாக உள்ளே விடலாம்.

ஒன்று, பொருள்கள். பெட்டியில் தண்ணீர் புகுந்து எது கெட்டது, எது தப்பியது என்று வரிசையாகச் சொல்லும்போது, கப்பல் எவ்வளவு ஆடியது என்பது சொல்லாமலே தெரியும். தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு, நாரத்தங்காய் ஊறுகாய், சுக்கு, புளி ஆகியவை எத்தனை நாள் வந்தன என்ற கணக்கும் அப்படியே. கடல் மயக்கத்தில் சோற்றைக் கண்டாலே குமட்டும் நேரத்தில் நாக்கில் வைக்க நாரத்தங்காய் உதவும்; அது கரைவரை உதவியது என்று எழுதினால் தாய் மகிழ்வாள், அதே வரியில் ஐந்து நாளும் அவன் சோறு உண்ணவில்லை என்பதைத் தகப்பனார் புரிந்துகொள்வார்.

இரண்டாவது, நேர்த்திக்கடன். என் அனுபவத்தில் இதைவிட வலிமையான கருவி வேறில்லை. நாகப்பட்டினக் கரையிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரும், எந்தச் சமயத்தினராயினும், கடலில் காக்கும் தெய்வங்களின் நடுவிலிருந்தே புறப்பட்டார்கள். மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையைக் கண்ணாடியால் அடைத்துக் காத்ததாக நாகூர் ஆண்டவரைப் பற்றி வழங்கும் கதையை அறியாத கடலோடி இல்லை. அவர் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் நினைவிடங்களைக் கட்டினார்கள். சிங்கப்பூரில் உள்ளது 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்தது. புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் நன்றிக்கடனாக வேளாங்கண்ணி ஆலயத்தை எழுப்பிய வரலாறும் அதே கடற்கரைக்கு உரியது. எனவே ஒரு வேளாளர் வீட்டுப் பையன் தன் ஊர் மாரியம்மனோடு நாகூர் ஆண்டவருக்கும் காசு முடிந்து வைப்பது முற்றிலும் இயல்பானது. நேர்த்திக்கடனைக் கடிதத்தில் மறைக்க முடியாது. செலுத்த வேண்டியவர்கள் ஊரில் இருப்பவர்கள். ‘சற்று அதிகமான காற்று’ என்று எழுதிய கை, அடுத்த பத்தியில் கடன் வாங்கியாவது நேர்த்திக்கடனைச் செலுத்திவிடச் சொல்லும்போது, எழுதாமல் விட்ட இரவு முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது.

மூன்றாவது வாசலைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கார்த்திகை மாதத்தில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் அந்தமான் பக்கத்தில் தோன்றி மேற்கு நோக்கியே பெரும்பாலும் நகர்கின்றன. கப்பலை நடுக்கடலில் அடித்த அதே காற்று, இரண்டு மூன்று நாள் கழித்துப் பயணியின் சொந்த ஊரை அடிக்கக்கூடும். அவர் அதற்குள் கிழக்கே கடந்து போயிருப்பார். காற்று அவர் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். 1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் போன்ற ஒன்றை வைத்து எழுதுகிறவர்கள் இதை ஆழ்ந்து எண்ண வேண்டும். ஊரில் இருப்பவர்கள் மகனுக்காகவும், மகன் ஊரில் இருப்பவர்களுக்காகவும் ஒரே காற்றின் பெயரால் அஞ்சிக்கொண்டு, ஒருவர் கடிதத்துக்கு மற்றவர் காத்திருப்பார்கள். கூரை என்னவாயிற்று, தென்னை நிற்கிறதா, சம்பாப் பயிர் வெள்ளத்தில் அழுகாமல் இருக்கிறதா என்று அவர் கேட்கும் கேள்விகளில் பதற்றம் தெரியலாம். தன்னைப் பற்றிக் காட்டாத பதற்றத்தை வீட்டைப் பற்றிக் காட்ட அவருக்கு உரிமை உண்டு.

காத்திருப்பின் நீளத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். போகும் பயணம் ஒரு வாரம், அடுத்த கப்பலுக்காகச் சில நாள், கடிதம் திரும்பி வர ஒரு வாரம் என்று பார்த்தால், புறப்பட்டவரைப் பற்றி ஊருக்கு இரண்டு வாரத்துக்கும் மேலாக ஒரு செய்தியும் வராது. 1933 இறுதியில் லண்டனிலிருந்து வரும் விமானத் தபால் சிங்கப்பூரை எட்டிவிட்டது என்றாலும், புதிதாக வந்திறங்கிய ஒரு கடைப் பையன் அதற்குக் காசு செலவழித்திருக்க மாட்டான். தந்தி வசதி அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. ஆனால் கிராமத்தில் தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நடுங்குவார்கள் என்பதால், நலமாக இருக்கும் மகன் தந்தி அடிக்கவே மாட்டான். அந்த இரண்டு வாரத்துக்குள் ‘சுதேசமித்திரன்’ நாளிதழ் ஊருக்கு வந்திருக்கும். புயல் செய்தியை யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள். ஆதலால் கடிதம் வெறும் செய்தியாக மட்டும் இராமல், ஊரில் ஏற்கெனவே பரவியிருக்கும் வதந்திக்கு மறுமொழியாகவும் இருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் இந்தக் கணக்கே மாறும். இரண்டு உலகப் போர்களிலும் கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. கப்பலின் பெயரையும் புறப்பட்ட நாளையும் எழுதிய கடிதம் தப்பியிராது. ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் 1914 செப்டம்பர் 22-இல் சென்னையையும், அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தையும் தாக்கியது. அந்தக் காலத்தில் போனவருக்குப் புயலைவிட அந்தக் கப்பலைப் பற்றிய பயமே மிகுதி. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், போர் முடியும்வரை ஊருக்கு வழக்கமான தபால் கிடையாது. அந்த மூன்றரை ஆண்டுக்குள் ஒரு கடிதத்தை வைத்துக் கதையைக் கட்டிவிட வேண்டாம்.

ஒரு மாதிரி

கீழே உள்ளது வழிமுறைக்காக நான் கட்டிய கற்பனைக் கடிதம். குறிப்பிட்ட எந்தப் புயலையும் எந்த மனிதரையும் சுட்டுவதன்று. எழுதுபவர், தஞ்சாவூர் ஜில்லாக் கிராமத்திலிருந்து மாமா வேலை பார்க்கும் பினாங்குக் கடைக்குச் சிப்பந்தியாகப் போனவர். திருமணமாகி ஒரு குழந்தை உள்ளவர். தொடக்கப் பள்ளிவரை படித்தவர். யுவ வருஷம் என்பது 1935 சித்திரையில் தொடங்கியது.

உ

பினாங்கு
யுவ வருஷம் கார்த்திகை மாதம் 20-ந் தேதி

மகா ராஜ ராஜ ஸ்ரீ தகப்பனார் அவர்கள் சமூகத்திற்கு மகன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் தங்களுடையவும் தாயார், பாட்டி, தம்பி, தங்கை எல்லோருடையவும் க்ஷேமத்திற்கு உடனே எழுதி அனுப்பக் கோருகிறேன். நிற்க.

சுவாமி கிருபையால் நான் 14-ந் தேதி பினாங்கு வந்து சேர்ந்தேன். டெக்கில் வந்தவர்களை எல்லாம் தீவில் நாலு நாள் நிறுத்தி டாக்டர் பார்த்து அனுப்பினார்கள். இது எல்லோருக்கும் உள்ள வழக்கம். எனக்கு வியாதி ஒன்றும் இல்லை. மாமா நேரில் வந்து அழைத்துப் போய்க் கடையில் சேர்த்துவிட்டார்.

நாகப்பட்டணம் விட்ட மூன்றாம் நாள் காற்றும் மழையும் சற்று அதிகமாயிருந்தபடியால் கப்பல் ஒரு நாள் தாமதமாக வந்தது. பேப்பரில் வேறு விதமாகப் போட்டிருந்தால் தாயார் அதை நம்ப வேண்டாம். நமதூரார் நாலு பேரும் ஒரே இடத்தில் பாய் போட்டிருந்தோம். நாலு பேரும் சுகம் என்று அவரவர் வீட்டில் சொல்லவும். தாயார் கொடுத்த நாரத்தங்காய் கரை வந்து சேரும்வரை நாலு பேருக்கும் வந்தது. பெட்டியில் கொஞ்சம் தண்ணீர் பட்டுவிட்டது. பாட்டியின் போர்வையைக் காய வைத்துக்கொண்டேன். புது வேட்டிக்குப் பெட்டியின் துரு பட்டுவிட்டது. தாங்கள் வாங்கிக் கொடுத்த நோட்டுப் புத்தகம் இனி உபயோகப்படாது.

அன்று ராத்திரி நாலு பேரும் நமது மாரியம்மனுக்கும் நாகூர் ஆண்டவருக்கும் காசு முடிந்து வைத்தோம். என் பங்கை முதல் சம்பளத்தில் மணியார்டர் செய்கிறேன். அதுவரை தாமதம் செய்யாமல் கடன் வாங்கியாவது செலுத்திவிடவும். இதை மறக்க வேண்டாம்.

அந்தக் காற்று மேற்கே நம் பக்கம் போனதாக இங்கே சொல்லுகிறார்கள். வீட்டுக் கூரை, கொல்லைத் தென்னை, சம்பாப் பயிர், மாடு கன்று எல்லாம் எப்படி என்று விவரமாக எழுதவும். தங்கள் கடிதம் வருகிறவரை எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ராத்திரியில் மழை பெய்தால் குழந்தையை உள்கூடத்தில் படுக்க வைக்கச் சொல்லவும். குழந்தையின் தாயாரும் அங்கேயே படுத்துக்கொள்ளலாம்.

தம்பி தினமும் பள்ளிக்கூடம் போக வேண்டியது. மற்றவை பின் தபாலில்.

இப்படிக்கு
தங்கள் கீழ்ப்படிந்த மகன்

இந்தக் கடிதத்தில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். ‘இதை மறக்க வேண்டாம்’ என்பது தகப்பனாருக்கு மகன் எழுதக்கூடாத கட்டளை. மரியாதை தவறும் அந்த ஓரிடமே பயத்தின் அளவைக் காட்டுகிறது. கெட்டுப்போன பொருள்களில் நோட்டுப் புத்தகம் கடைசியாக வருவதற்குக் காரணம், அது தகப்பனார் காசில் வாங்கியது. சொல்லத் தயங்கிச் சொல்கிறார். மனைவியைப் பற்றிய ஒரே வரி, குழந்தையின் பின்னால் மறைந்து வருகிறது. தெரு முழுவதும் கேட்டாலும் அந்த வரி யாருக்கென்று அவளுக்குத் தெரியும். தீவு என்று அவர் குறிப்பிடுவது, பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் இருந்த நோய்த்தடுப்பு முகாம். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அத்தகைய முகாம் செயின்ட் ஜான் தீவில் இருந்தது. கடிதத்துக்குள் இவ்விளக்கத்தைச் சேர்த்தால் கெட்டுவிடும். கதையின் வேறு பகுதியில் சொல்லிக்கொள்ளலாம்.

புயலை முழுமையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதுங்கள். அதே தபாலில், மச்சானுக்கோ உடன் படித்த நண்பனுக்கோ போகும் கடிதம் அது. ‘மச்சான், இதை நீ மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு, அக்காள் காதில் விழ வேண்டாம்’ என்று தொடங்கினால், மூடிய கீழ்த்தளத்தின் இருட்டையும், குழந்தைகள் அழுது ஓய்ந்ததையும், விசிறி வெளியே வந்து சுழலும்போதெல்லாம் கப்பல் உடைகிறது என்று எல்லோரும் எழுந்து நின்றதையும், சட்டியோடு போய்க்கொண்டிருந்த சமையற்காரர் பண்டாரி அதெல்லாம் வழக்கம்தான் என்று சொன்னதையும் எழுத அவருக்கு உரிமை கிடைக்கிறது. கப்பலில் வேலை செய்வோரைச் செராங்கு (மாலுமிகளின் தலைவர்), சுக்கானி (சுக்கான் பிடிப்பவர்), கலாசி (மாலுமி), பண்டாரி என்று அவர் கேட்டறிந்த பெயர்களால் குறிப்பிடட்டும். இந்த இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்தால், தகப்பனாருக்கு எழுதியதில் எவ்வளவு அடக்கப்பட்டிருக்கிறது என்பதை வாசகர் தாமே கண்டுகொள்வார்.

தாளும் மையும் முகவரியும்

நாடகத்துக்காகவோ கண்காட்சிக்காகவோ கடிதத்தைக் கையால் எழுதிக் காட்டப் போகிறீர்கள் என்றால், எழுத்து வடிவங்களில் கவனம் தேவை. ணை, லை, னை, றா, னா போன்ற எழுத்துகளுக்கு இன்று நாம் எழுதும் வடிவம், தமிழக அரசு 1978-இல் ஏற்ற சீர்திருத்தத்துக்குப் பின் வந்தது. பழைய கையெழுத்தில் லை, னை முதலியவை, எழுத்தின் முன்னே யானைத் தும்பிக்கைபோல் வளையும் கொக்கியோடு இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் காற்புள்ளி இடுவதும் அரிது. சொற்கள் இடைவெளியின்றி ஓடும். தொட்டு எழுதும் பேனாவின் மை ஈரம் பட்டால் பரவும். காப்பியிங் பென்சிலால் எழுதியிருந்தால், ஈரம் பட்ட இடம் ஊதாவாக மாறும். கப்பலிலேயே எழுதத் தொடங்கிய கடிதத்துக்கு அது பொருத்தமானது.

கடல்நீர்க் கறையை அழகுக்காகத் தாளின் முனையில் வைத்துவிடாதீர்கள். துக்கச் செய்தி தாங்கிய கடிதத்தின் முனையில் கறுப்பு மை தடவும் வழக்கம் இருந்த காலம் அது. முனை கறுத்த கடிதத்தைத் தபால்காரர் நீட்டும்போதே வீட்டில் ஒப்பாரி எழுந்திருக்கும். விவரம் அறிந்த மகன் கறைபட்ட தாளை ஒதுக்கிவிட்டு வேறு தாள் எடுத்திருப்பான்; கடையிலிருந்து சிறிது மஞ்சள் எடுத்து நான்கு முனையிலும் தடவியிருக்கவும் கூடும். அப்படித் தடவினால், உறையைப் பிரித்த கணத்திலேயே, ஓர் எழுத்தையும் படிக்காமல், தாய் பெருமூச்சு விட்டிருப்பாள்.

உறையின் மேல், 1935-ஆம் ஆண்டுக் கடிதமானால், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பதித்த ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதி) தபால் தலை இருக்க வேண்டும். முகவரியில் ஊர், தபால் நிலையம், தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா என்று எழுதுங்கள். அஞ்சல் குறியீட்டு எண் 1972-இல்தான் வந்தது. தமிழ்நாடு என்ற பெயர் 1969 வரை மாநிலத்துக்கு அதிகாரபூர்வமாக இல்லை. மலேசியா என்ற நாடு 1963 செப்டம்பரில்தான் உருவானது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆனது 1972-இல். பணத்தைக் குறிப்பிடும்போது அங்கே சம்பாதிப்பது வெள்ளி (அந்நாட்டு டாலர்), ஊரில் செலவாவது ரூபாயும் அணாவும். பின்புறத்தில் அனுப்புநர் முகவரியாகக் கடையின் விலாசத்தைத் தெளிவாக எழுதுங்கள். ஊரிலிருந்து பதில் எழுதப் போகிறவர் தம்பி, அவன் அதைப் பார்த்து எழுத்துக்கூட்டியே அடுத்த உறையில் முகவரி எழுத வேண்டியிருக்கும்.